சவுண்டு அக்காவின் சல்லடை

சவுண்டு அக்காவுக்கு அரசியலே ஆகாது என்று அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். நம்பாதீர்கள். டீவியில் செய்தி ஆரம்பித்தால் போதும், அதோடு சண்டைக்கு நின்றுவிடுவாள். கூட்டங்களுக்கும் கச்சேரிகளுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். எல்லாக் கட்சி மேடைக்கும் எதிரே மிக்சர் பலகையோடு உட்கார்ந்திருக்கிறாள். எந்தத் தலைவர் வந்தாலும் கூடவே ஓர் உதவியாளர் ஓடி வந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்: "ஐயாவோட குரலுக்குக் கொஞ்சம் கனம் ஏத்துங்க." ஏற்றுவாள். "பேச்சுல இல்லாத கனத்தையெல்லாம் நான்தான் ஏத்தணும், என் தலையெழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவாள்.

கச்சேரி என்றால் மட்டும் அவள் வேறு ஆள். ஸ்டுடியோவில் பூட்டிக்கொண்டு பதிவு செய்த பாட்டை மதிக்கவே மாட்டாள். "அது பாட்டா? பாட்டோட பாஸ்போர்ட் போட்டோ" என்பாள். மேடையில் பாடுகிறவனுக்கு மூச்சு வாங்க வேண்டும், ஓரிடத்தில் சுருதி லேசாக நழுவ வேண்டும், அவன் அதை எட்டிப் பிடித்து இழுத்து வர வேண்டும். அதற்குத்தான் ஜனம் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவள் வாதம். இதை ஒப்புக்கொண்ட இன்னோர் ஆள் அவள் புருஷன். ஓட்டல்களிலும் விழா மேடைகளிலும் பாடுகிறவன். எல்லாருக்கும் அவன் பாட்டுக்காரன். அவன் தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தன், கீபோர்டு வாசிப்பான்.

அவளுக்கு மூன்றாவதாக ஒரு பைத்தியம் இருந்தது. அதன் பெயர் சல்லடை. கலந்து வரும் ஒலியிலிருந்து குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை ஒரு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். அவளே எழுதியது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பட்டைகள் இருக்கும், குரலுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று. எதை இறக்குகிறோமோ அது அந்தக் கணமே அடங்கும், ஓடிக்கொண்டிருக்கும் கச்சேரியில்கூட. இரைச்சல் நிறைந்த சின்ன ஹால்களில் பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தக் கூடாதே என்றுதான் அதை ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் உள்ளே இருக்கும் கோட் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். காசு கிடையாது, கேள்வி கிடையாது.

"ஊருக்கெல்லாம் வாரி விடு. நம்ம வீட்டு மின்விசிறி மட்டும் கடகடன்னு ஆடட்டும்" என்று பாட்டுக்காரன் கிண்டல் செய்வான். அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, நிறையப் பெருமையும் உண்டு. காது மந்தமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு டீச்சர் சல்லடையைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்ததை அவன்தான் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான்.

ஒருமுறை சல்லடையைப் பயன்படுத்துகிறவர்கள் சிலர் அவளிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். அரசாங்கங்களும் கட்சிகளும் இதைத் தொடக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள், நாளைக்கு வம்பு என்றார்கள். அக்கா எகிறி விழுந்தாள். "உப்பு விக்கறவன் யார் வீட்டுச் சமையலுக்குன்னு கேட்டுட்டா விக்கறான்? எல்லாருக்கும்னு சொல்லிட்டு உனக்கு இல்லைன்னா அது என்ன எல்லாரும்?" என்று பக்கம் பக்கமாக எழுதினாள். எதிர்த்தவர்கள் ஓய்ந்து போனார்கள். அன்றைக்கு அவள் ராணி மாதிரி நடந்தாள் வீட்டுக்குள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அவர்கள் பகுதியில் ஒரு அரசு ஆஸ்பத்திரி இருந்தது. சின்னதுதான், ஆனால் ராத்திரி பகல் எந்நேரமும் டாக்டர் இருப்பார். ஆட்சிக்கு வந்த தலைவர் அதைச் செலவு அதிகம் என்று மூடினார். பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாட்டுக்காரனின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலில் நின்றது. அவன் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "வழி விடுங்கய்யா, வழி விடுங்கய்யா" என்று அவன் கத்தியிருக்கிறான். வண்டிகளின் ஒலிப்பான்களுக்கு நடுவில் யாருக்குக் கேட்கும்? பாட்டு பாடிப் பிழைக்கிறவன், தன் தொண்டை அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. அதே தலைவரின் கூட்டத்துக்கு முன்னால் பாட அவனையும் தம்பியையும் கூப்பிட்டார்கள். போகவே மாட்டேன் என்றான் முதலில். பிறகு குளியலறையிலிருந்து ஏதோ முனகல் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, வார்த்தைகள் மட்டும் புதிது. நாலே வரி. பூட்டிய ஆஸ்பத்திரி, பாலம், ஒலிப்பான்கள், அம்மா. வசவு ஒன்றுமில்லை. அக்கா குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"இதைப் பாடுப்பா அங்க" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டாவது வார்த்தையிலயே மைக்கைப் பிடுங்கிடுவான்."

"பிடுங்க மாட்டான். நேரடி ஒளிபரப்பு. நாடே பாத்துட்டிருக்கும்போது மைக்கை அணைச்சா அவனுக்குத்தான் அசிங்கம். வாயை விட்டு வந்துட்டா வந்ததுதான், யாராலயும் திரும்ப உள்ள தள்ள முடியாது. அதுக்குப் பேர்தான் லைவ்."

அவன் அவளையே பார்த்தான். "நிஜமாவா?"

"இந்த விஷயத்துல என்கிட்டயே சந்தேகமா?"

சரி, பாடுகிறேன் என்றான். ஒலி விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு.

கூட்டத்துக்குக் கட்சியே ஆட்களையும் ஒளிபரப்பு வண்டியையும் ஏற்பாடு செய்திருந்தது. அக்காவுக்கு அங்கே வேலையில்லை. "ஊர் எப்படிக் கேக்குமோ அப்படியே நானும் வீட்ல உக்காந்து கேக்கறேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாயங்காலமே டீவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. முதல் பகுதி வழக்கமான வார்த்தைகள், குரல் கணீரென்று வந்தது. கொழுந்தன் நடுவில் கீபோர்டை ஓட்டினான். பிறகு பாட்டுக்காரன் கண்ணை மூடி வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை.

வாத்தியம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் உதடுகள் அசைந்தன, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்கூட இல்லை. கேமரா மெல்ல நகர்ந்து தலைவரின் புன்னகைக்குப் போயிற்று. பார்க்கிறவர்களில் பலருக்கு ஏதோ இடையிசை நீளமாக வாசிக்கிறார்கள் என்றுதான் இருந்திருக்கும். மைக்கை அணைத்திருந்தால் அரங்கமே பார்த்திருக்கும். அதை அவர்கள் தொடவில்லை. அரங்கத்திலிருந்து குரலும் வாத்தியமும் ஒன்றாகக் கலந்து வண்டிக்கு வருகின்றன. வண்டியில் இருந்த எவனோ குரலை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சில விநாடி தாமதத்தோடு நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். வாத்தியத்துக்கு அடியில் எங்கோ, குழாயை முழுக்க மூடாமல் விட்டதுபோல, விட்டு விட்டு ஒரு சன்னமான சீறல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடுகிறவன் சகரத்தைக் கொஞ்சம் அழுத்தினால் சல்லடையில் அது மட்டும் மிஞ்சும். பல வருஷமாக அவள் சரிசெய்யாமல் வைத்திருந்த குறை அது. வேறு எந்த மென்பொருளிலும் அந்தச் சீறல் கிடையாது. அவளுடைய பிள்ளை அவளுக்கு அடையாளம் தெரியாதா?

பாவி, முதலில் என்ன தோன்றியது தெரியுமா அவளுக்கு? பெருமை. நேரடி ஒளிபரப்பில் இத்தனை துல்லியமாக வேலை செய்கிறதே என்ற பெருமை. அதற்கப்புறம்தான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

பாட்டுக்காரன் வீட்டுக்கு வந்தபோது சட்டை நனைந்திருந்தது, முகம் கல்யாண மாப்பிள்ளை முகம். பின்னாலேயே கொழுந்தன். "அண்ணி, அண்ணன் இன்னைக்கு மாதிரி என்னைக்கும் பாடினதில்ல. அந்தக் கூட்டம் இருக்கே, என்ன பாடறான்னுகூடக் கேக்காம கை தட்டுது! எதுக்கும் தட்டிப் பழகிப்போன கூட்டம்!" என்று சிரித்தான்.

"அவங்க கிடக்கட்டும். நீ கேட்டியா? எப்படி இருந்துச்சு?" என்றான் பாட்டுக்காரன்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். திருட்டுப் பயல்கள் என்று நாலு வசவு வைதிருக்கலாம். சாயங்காலத்திலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததுதான் வாயில் வந்தது. "எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கான் தெரியுமா? பிசிறே இல்ல."

"எதை எடுத்தான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொழுந்தன் போனை எடுத்து ஒளிபரப்பைத் தேடிப் போட்டான். அண்ணனும் தம்பியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பாட்டுக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னான்.

"இது உன்னோடதா?"

"ஆமா."

"அவங்களுக்கு நீ குடுத்தியா?"

"நான் தனியா யாருக்கும் குடுக்கலப்பா. எல்லாருக்கும்தான் குடுத்தேன்."

"அதுல அவங்களும் உண்டு."

"உண்டு."

"அப்புறம் எந்தத் தைரியத்துல பாடுன்னு சொன்ன?"

இப்படியும் ஒருவன் செய்வான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம். அதைச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்போல இருந்தது. கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டான்.

நாட்டுக்குக் கேட்காத அந்த நாலு வரி அரங்கத்தில் இருந்த கட்சிக்காரர்களுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. மேடைகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் காரணம் சொல்லவில்லை. ஓட்டல்காரர் மட்டும், "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி" என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ, "டீவியில பாத்தோம், பாவம், உங்க மைக் வேலை செய்யலையா?" என்று அக்கறையாக விசாரித்தார். பாட்டுக்காரன் ஆமாம் என்று தலையாட்டினான். வேறு என்ன சொல்வான் மனிதன்?

தலைவர் ஜெயித்தார். தேர்தல் முடிந்து சில வாரங்களில் சல்லடையின் இணையப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்தது. மேடம் என்று மரியாதையாக ஆரம்பித்தது. ஒளிபரப்பு வண்டிக்காரன்தான். உங்கள் மென்பொருள் நேரடி நிகழ்ச்சிகளில் எங்களுக்குப் பேருதவியாக இருக்கிறது, ஒரே ஒரு சின்னக் குறை, சில எழுத்துகளில் சீறல் மிஞ்சுகிறது, சரிசெய்வதற்கான கோட் வரிகளையும் எழுதி இணைத்திருக்கிறேன், நன்றி. அக்கா திறந்து பார்த்தாள். அருமையாக எழுதியிருந்தான் படுபாவி. வேறு யார் அனுப்பியிருந்தாலும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பாள்.

சேர்க்கவில்லை. இனிமேலாவது நிபந்தனை போடலாமா என்று யோசித்தாள். போட்டாலும் பழையது ஏற்கெனவே அவர்கள் கையில். கோபத்தில் பக்கத்தையே மூடினால் அந்த டீச்சரும் பிள்ளைகளும்தான் திண்டாடுவார்கள். பதிலே போடாமல் விட்டாள். அவன் காத்திருக்கவில்லை. தனக்கென்று ஒரு பிரதி எடுத்து அதில் சரிசெய்துகொண்டான். அதற்கு அவனுக்கு முழு உரிமை உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதியவள் அவளேதான். அடுத்த ஒளிபரப்பில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எவன் குரலையாவது எடுத்திருந்தால்கூட இனி அவளாலும் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டுக்காரன் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். அவளிடம் சண்டை போடுவதில்லை. மின்விசிறியைக்கூடச் சரிபண்ணிவிட்டான். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும்போது பாடுவான். கூடத்தில் உட்கார்ந்திருந்தால் குழாய்ச் சத்தத்தின் ஊடே அவளுக்குக் கேட்கும். சில நாள் அந்த நாலு வரியும் வரும். அன்றைக்குப் பாடியதைவிட நன்றாகவே இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் டம்ளரை வைக்கிற சாக்கில் உள்ளே போனாள். அவன் நிறுத்திவிட்டான்.

"பாடுப்பா, ஏன் நிறுத்திட்ட?"

"சும்மாதான்" என்றான்.

டம்ளரை வாங்கிக் கழுவ ஆரம்பித்தான். அவள் கூடத்துக்குத் திரும்பி வந்து, டீவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். உள்ளே குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.