கறுப்புத் துணிக்குள் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். புது லேப்டாப்பைக் கோயில் வாசலில் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றி எடுத்து வருகிற ஊர் இது. பூஜை போட்ட மெஷினும் என் கடைக்கு வருகிறது, போடாத மெஷினும் வருகிறது, குங்குமம் கீபோர்டுக்குள் போய் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம் என்று எத்தனையோ பேரிடம் நக்கலடித்திருக்கிறேன். ஆனால் இதை நான் பார்த்தேன். குடித்திருக்கவில்லை, காய்ச்சல் இல்லை, பட்டப்பகல் பதினொரு மணி. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் என் லேப்டாப் ரிப்பேர் கடை. 'ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு' என்று வருகிறவர்களில் பல பேருக்கு உண்மையில் திரை சாகவில்லை. படம் வந்துகொண்டேதான் இருக்கும், படத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற பேக்லைட் மட்டும் போயிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளே எல்லாம் மங்கலாகத் தெரியும். என் கடையில் பகல் முழுக்கத் தெரு வெளிச்சம் அடிப்பதால், ஒரு கறுப்புத் துணியைத் தலையோடு மெஷினோடு போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்து பார்ப்பேன். அரை நிமிட வேலைதான். பக்கத்துப் பூக்கடைக்காரர், "இன்னாபா, ஆவி புடிக்கிறியா?" என்று தினமும் கிண்டல் பண்ணுவார், நானும் சிரித்துக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பிரின்சி வந்தாள். நொச்சிக்குப்பத்துப் பெண், அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறவர், அப்பா இல்லை. பி.காம். முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப், மூடி மேல் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர்.

"அண்ணா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. டைப்பிங் டெஸ்ட்டும் வச்சிருக்காங்க, போன்ல பண்ண முடியாதாம். சாயங்காலத்துக்குள்ள கிடைச்சிடுமாண்ணா?"

ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ கம்பெனி. துணிக்குள் வைத்துப் பார்த்தேன், படம் நன்றாகவே தெரிந்தது. பேக்லைட்டுக்கு மின்சாரம் போகிற வழியில் போர்டில் ஒரு பொடி ஃபியூஸ் உண்டு, அதுதான் போயிருந்தது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். "சாயங்காலம் வாம்மா" என்று அனுப்பினேன்.

மதியம் ஒரு கட்சிக்காரர் வந்தார். வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் மகளுக்கும் அதே இலவச லேப்டாப்தான், அதில் திரைக்குப் போகிற கேபிள் மூடித் திறந்து மூடித் திறந்து அறுந்திருந்தது. ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கி வரவேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். "ஒரு மணி நேரமா? இப்பவே வோணும்பா, இங்க தொழில் பண்ற இல்ல?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்குத்தான் எனக்குப் பயம்.

இலவச லேப்டாப் எல்லாம் ஒரே மாடல், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் அப்படியே உட்காரும். பிரின்சியின் மெஷினைப் பிரித்தேன், அதன் கேபிளை உருவினேன், கட்சிக்காரர் மெஷினில் மாட்டிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். அப்புறம் போய் வேறு கேபிள் வாங்கிவந்து இவளுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. மழை வருவதுபோல் இருந்தது, சோம்பலாக இருந்தது, மீன்காரம்மா பெண்தானே என்று இருந்தது. இதற்குமேல் மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

சாயங்காலம் அவள் வந்தபோது, "போர்டு போச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். கேபிள் இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பாளே.

அவள் லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "டிவில கனெக்ட் பண்ணி உக்காரலாம்னு ஃபிரண்டு சொன்னாண்ணா. ஒருநாளைக்கு மட்டும் அப்படி ஓட்டிக்கலாமா?" என்று கேட்டாள்.

ஓட்டிக்கொள்ளலாம். தாராளமாக ஓட்டிக்கொள்ளலாம். வீட்டு டிவியில் ஒரு வயரைச் சொருகி ஜம்மென்று உட்கார்ந்து இன்டர்வியூ கொடுத்திருக்கலாம். ஆனால் டிவியில் படம் வந்துவிட்டால் நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். "போர்டே போச்சுன்றேன், டிவில மட்டும் எங்கேர்ந்தும்மா வரும்?" என்று எரிந்து விழுந்தேன். "சரிண்ணா, நீங்க பாத்தீங்களே, தேங்க்ஸ்ணா" என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவுக்கும் அவள் முகத்தில் என்மேல் ஒரு சந்தேகம்கூட இல்லை.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அப்புறம்தான் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மா கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, "கவுச்சி அடிக்கும் நைனா, நான் இங்கியே நிக்கிறேன்" என்று ஒரு துணிப்பையை நீட்டியது. பைக்குள்ளிருந்து மாதா ஸ்டிக்கர் வெளியே வந்ததும் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிரின்சியின் அம்மா லூர்து மேரி. அது சொன்னதைக் கேளுங்கள். அந்த இன்டர்வியூ போயிற்று, அதற்கப்புறம் இரண்டு மூன்று இடம் அலைந்தும் ஒன்றும் அமையவில்லை, யாரோ ஏஜென்ட் சொல்லி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசினாள். பிறகு போன் நின்றுவிட்டது. ஐந்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. ஏஜென்ட் நம்பரும் அணைந்து கிடக்கிறது.

"மனு குடுக்கப் போனா பாஸ்போர்ட்டு நம்பர் இன்னான்றாங்க. எனக்கு இன்னா தெரியும்? ஜெராக்ஸ்கூட கெடையாது. காலேஜ் படிக்கசொல்லவே எடுத்த பாஸ்போர்ட்டு, அத்த லேப்டாப்ல ஏத்தி வச்சிக்கீறேன்னு பாப்பா அப்பவே சொல்லிக்கீது. நீ பாத்து எடுத்துக் குடு தம்பி. உன்னாண்டதான் இட்டாந்தேன். அது சொல்லும், அந்த அண்ணன் நல்ல மாதிரிம்மா, பாத்ததுக்குக்கூட காசு வாங்கலன்னு."

அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. அதனால்தான் துணியை எடுத்தேன், இதை நன்றாகக் கவனியுங்கள். சோதிப்பதற்கு எடுக்கவில்லை. அந்தத் திரைக்குப் போகிற கேபிளை உருவியவனே நான், அதில் ஒரு புள்ளிகூட வராது என்று எனக்குத் தெரியாதா? ஒளிந்துகொள்ள ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். சார்ஜரைச் சொருகி, சுவிட்சைப் போட்டு, துணியைப் போர்த்திக்கொண்டு குனிந்தேன். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. சும்மா இருந்தால் வெளியே அந்தம்மா சந்தேகப்படுமே என்று டார்ச்சையும் அடித்தேன்.

திரையில் அவள் இருந்தாள்.

வீடியோ கால் போடும்போது நம் முகமே ஒரு கட்டத்தில் தெரியுமே, அந்த மாதிரி கட்டம். எதிரே உட்கார்ந்திருப்பவன் நான், தெரிகிற முகம் பிரின்சி. மங்கலாகத்தான், ஆனால் சந்தேகமே இல்லை. தலையை வாரிப் பின்னியிருந்தாள், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. கீழே எழுத்து, காத்திருங்கள், உங்களை உள்ளே அனுமதிப்பார்கள் என்கிற மாதிரி. அவள் முன்னால் குனிந்து எதையோ தேடினாள், கீபோர்டில் ஒரு விசையை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். வெளிச்சத்தைக் கூட்டுகிற விசை. கண்கள் திரையில் ஒன்றும் தெரியாதவளுடைய கண்கள். டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனபோது வெளிச்சம் நேராக அவள் முகத்தில் அடித்தது. அவள் சட்டென்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையைத் தூக்கி நெற்றிக்கு நேராக மறைத்துக்கொண்டாள்.

என் டார்ச் வெளிச்சத்தை மறைத்தாள். நான் சொல்வது புரிகிறதா உங்களுக்கு?

"தெர்தா நைனா?" என்று வெளியிலிருந்து அம்மா கேட்டது. துணியை வாரிப் போட்டுவிட்டு எழுந்தேன். வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டு, கடையில் இருந்த பெரிய மானிட்டரில் அந்த லேப்டாப்பை இணைத்தேன். அதில் சாதாரணமாக எல்லாம் வந்தது, நீல மேகப் படம், நாலைந்து ஃபோல்டர். வீடியோ கால் எதுவும் ஓடவில்லை. இன்டர்நெட்டே இணைத்திருக்கவில்லை. 'சர்டிபிகேட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பாஸ்போர்ட். மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். அம்மா காகிதத்தில் இருந்த மகள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நான் நல்லா இருக்கணுமாம்.

சரிபண்ணித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்ட மெஷினை, அது போனதும் பிரித்தேன். வேறு யாராவது ரிப்பேர்காரன் இடையில் கேபிள் போட்டிருப்பானோ என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டே பிரித்தேன். கேபிள் இல்லை. அது மாட்டுகிற இடம் காலியாக இருந்தது, உள்ளே தூசி படிந்து கிடந்தது. திரைக்கும் மெஷினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்றைக்கே போய்க் கேபிள் வாங்கிவந்தேன், ஃபியூஸும் மாற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பளிச்சென்று எரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து லூர்தம்மா மறுபடி வந்தது, கையில் ஒரு கடிதம். மனுவுக்குப் பதில். இந்தப் பாஸ்போர்ட்டுக்காரர் அந்த நாட்டை விட்டுக் கிளம்பி சென்னையில் இறங்கிவிட்டார், ஆகவே மேல் நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. தேதி போட்டிருந்தது. அம்மா என் கடைக்கு முதல் தடவை வந்ததற்கும் மூன்று மாதம் முந்தைய தேதி.

"வந்துட்டாங்க, கேஸ் முடிஞ்சுதும்மான்றாங்க. எங்க வந்துச்சு தம்பி? என் வூட்டுக்கு வர்லியே. ஏர்போர்ட்லேர்ந்து குப்பத்துக்கு வர்றதுக்கு வழி தெரியாதா அதுக்கு?"

போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள், அது ஸ்டூலில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது.

"அன்னிக்கு துணிக்குள்ள பாப்பா பேசிச்சே, அது இன்னா வீடியோ? வூட்ல பூரா தேடிட்டேன், கெடைக்கல. அத்த இன்னொரு தபா போடேன்."

"என்னம்மா பேசிச்சு?" என்றேன்.

"லைட்ட அந்தாண்ட காட்டுண்ணா, கண்ணு கூசுதுன்னு சொல்லிச்சே."

நம்பினால் நம்புங்கள், எனக்கு அன்று ஃபேன் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையால் மறைத்ததை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை, என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வீடியோ அழிந்துபோய்விட்டது என்று அந்தம்மாவிடம் சொன்னேன். மறுபடி ஒரு பொய், அதுவும் சுலபமாகத்தான் வந்தது. "பரவால்ல, துணியப் போட்டுக் காட்டு, அதே மாதிரி பண்ணு" என்றது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வியாபாரம் முடித்து அந்த லேப்டாப்போடு வந்துவிடுகிறது. நான் துணியைப் போர்த்திக்கொண்டு டார்ச் அடிக்கிறேன். திரையில் நீல மேகம்தான், வேறு எதுவும் இல்லை, ஒரு தடவைகூட இல்லை. ஆனால் அந்தம்மா வெளியே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, துணியில் காதை வைத்துக்கொள்கிறது. "ம்" என்கிறது. "சாப்டியா?" என்கிறது. பதில் வருகிற அளவுக்கு நேரம் விட்டு, "சரி சரி, அழாத" என்கிறது. பூக்கடைக்காரர் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை, அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுகிறார்.

நான் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். நீ நல்லா இருக்கணும் என்று சொன்ன வாய் அப்புறம் என்ன சொல்லும் என்று நினைத்து, சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் உள்ளே குனிந்திருந்தேன். வெளியே ரொம்ப நேரம் பேச்சே இல்லை, 'ம்' கூட இல்லை. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது, துணிக்கு அந்தப் பக்கம் என் காதுக்கு மிகக் கிட்டே அந்தம்மாவின் குரல் கேட்டது.

"அது உன்னத்தான் கேக்குது தம்பி. இன்னாவோ நீயே சொல்லணுமாம். நான் இன்னா சொல்லட்டும்?"

டார்ச்சை அணைத்துவிட்டேன். துணியை விலக்காமல், அந்தம்மா எழுந்து போகிறவரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.