வாயைத் திறந்து எடுத்த அச்சு

சென்ற மாதம் வவுனியாவில் ஒரு கடையில் என் இடது காதுக்குக் கேட்கும் மெசின் மாட்டினார்கள். மாட்டிய பிள்ளை, "இப்ப கையால காதைப் பொத்திப் பாருங்கோ ஐயா" என்றாள். நான் பொத்தவில்லை. கையைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "பயப்பிடாதேங்கோ, கூவாது" என்று சிரித்தாள். பொத்தினேன். கூவவில்லை. கூவல் தொடங்குமுன்பே அதை மோப்பம் பிடித்து அமுக்கிவிடும் சில்லு ஒன்று உள்ளே இருக்கிறதாம். இதே வேலையை ஒரு காலத்தில் செய்தவன் நான் என்று அவளிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். பல் வைத்தியருக்குப் பல்லு விழுந்தால் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கூவலை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் யாராவது மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் போனால் 'கூஊ' என்று ஊரே காதைப் பொத்தும் அல்லவா? அதுவேதான், பயற்றங்காய் விதையளவுக்குச் சுருங்கியது. காதுக்குப் பின்னால் மெசின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, காதுத்துவாரத்தை அடைத்திருக்கும், அந்தக் காதின் உருவத்துக்கே வார்த்த அச்சுக்குள் நுழையும். அச்சு காதோடு ஒட்டாவிட்டால், உள்ளே போன சத்தம் இடுக்கால் கசிந்து வந்து மறுபடி மெசினுக்குள்ளேயே புகும். மெசின் அதைப் பெருக்கும். பெருத்தது திரும்பவும் கசியும். பிறகென்ன, விசில்.

2002இல் போர்நிறுத்தத்தோடு வன்னிக்கான பாதை திறந்தது. அதற்கு முன் வன்னியில் ஒரு பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. பற்றரி இல்லாதவனுக்கு மெசின் எதற்கு? பாதை திறந்து ஒரு வருடம் கழித்துக் கிளிநொச்சியில் இரண்டு அறைகள் கொண்ட காதுப் பரிசோதனை நிலையம் ஒன்று வந்தது. காது பரிசோதிப்பது புவனா. அச்சு எடுப்பதும் மெசினைத் திருத்துவதும் நான். வானொலி திருத்தியவன் என்பதால் சேர்த்தார்கள். வந்த முதல் வாரமே, அச்சு எடுக்கும் கதிரைக்கு மேலே அழகான எழுத்தில் ஒரு மட்டையை எழுதித் தொங்கவிட்டேன்: 'வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கவும்.' உருவம் பிடிக்கக் காதுக்குள் விடும் பசை இறுகும்வரை ஆட்கள் கதைத்தால் அச்சு கெட்டுப்போகும் என்பது என் எண்ணம். எல்லோரும் அப்படியே இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த நாட்களில் வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பழக்கமல்ல.

இஸ்மாயில் காக்கா முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போய், பதின்மூன்று வருடம் கொட்டிலில் இருந்துவிட்டுத் திரும்பிய சில குடும்பங்களில் ஒன்று அவருடையது. போவதற்கு முன் அவ்வூர்ப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னவர் அவர்தான். திரும்பி வந்து, கூரையில்லாத பள்ளிக்குத் தகரம் போட்டு, கார் பற்றரியில் ஓடும் ஒலிபெருக்கி ஒன்றையும் பூட்டினார்கள். ஆனால் இடையில் அவருடைய காது போய்விட்டது. நாங்கள் மெசின் கொடுத்தோம். மூன்றாம் வாரம் திரும்பி வந்தார்.

"தம்பி, மெசின் நல்லாக் கேக்குது. ஆனா எனக்கு முன்னால அதுதான் பாங்கு சொல்லுது."

புவனா வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. குழாய் வெக்கையில் மஞ்சளாகி விறைத்திருந்தது. புதுக் குழாய் போட்டேன். கதிரையில் இருத்திச் சோதித்தபோது ஒரு சத்தமும் இல்லை. வெற்றி என்று அனுப்பினேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். இம்முறை மெசினைத் திறந்தேன். உள்ளே இருக்கும் சின்ன ஒலிபெருக்கி ஒரு ரப்பர் உறையில் தொங்க வேண்டும். அந்த ரப்பர் இறுகினால் அதன் நடுக்கம் மெசினின் உடம்பு முழுக்க ஓடி அதுவும் கூவலாகும். உறையை மாற்றினேன். மூக்குக்கண்ணாடியின் கால் மெசினில் முட்டி அதிருகிறதோ என்று அதையும் வளைத்துவிட்டேன். கதிரையில் மறுபடி அமைதி. என் நாட்குறிப்பில் அன்றைக்கு 'இ. காக்கா – கூவல் தீர்ந்தது' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அந்த அடிக்கோட்டைப் பார்க்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் முறை மனைவி ஆசியா உம்மாவோடு வந்தார். அது 2003 புரட்டாதி. நோன்பு தொடங்க ஒரு மாதந்தான் இருந்தது. ஊர் திரும்பியபின் வரும் முதல் நோன்பு. மாலையில் அவருடைய பாங்கு கேட்டுத்தான் ஊர் நோன்பு திறக்க வேண்டும்.

"வேற ஆளைப் பாப்பமெண்டு பள்ளியில கதைக்கிறாங்க" என்றார் காக்கா. "பிழையில்ல. மைக்கில விசில் போனா பிள்ளையள் சிரிக்குதுகள்."

"பாங்கு நேரம் மட்டும் மெசினைக் கழட்டினா என்ன?" என்று கேட்டேன்.

"கழட்டிப் பாத்தனான். என்ர குரல் எங்க போகுதெண்டு எனக்கே தெரியேல்ல. கத்திறன் எண்டு இவ சொல்றா."

"ஆடு கத்தின மாதிரி" என்றார் ஆசியா உம்மா.

புவனா என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் காதுக்கு அச்சு செய்தனீங்களோ, இல்லாட்டி விசிலுக்கோ?"

எனக்குக் கோபம் வந்தது. "இஞ்ச இருக்கேக்க கூவேல்லையே! வீட்ட கூவுதோ?"

"வீட்ட கூவிறேல்ல" என்றார் ஆசியா உம்மா. "பள்ளியில மைக்குக்கு முன்னால நிண்டாத்தான் அதுக்கு ஆசை வருது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் அவரைக் கதிரையில் இருத்தியே சோதித்திருக்கிறேன். "காக்கா, ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

அவர் முகம் மாறியது. "நேரமில்லாத நேரத்தில பாங்கு சொல்லப்படாது தம்பி."

"சொல்ல வேண்டாம். எப்படி நிக்கிறனீங்கள் எண்டு மட்டும் காட்டுங்கோ."

எழுந்தார். மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். புவனா அலுமாரியைக் காட்டினாள். அலுமாரியைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் காதோரம் உயர்த்தி, கண்ணை மூடி, சத்தமே இல்லாமல் வாயை அகலத் திறந்தார். மெசின் 'கூஊ' என்றது.

ஆசியா உம்மா, "கள்ளன் பிடிபட்டான்" என்றார்.

கையைக் கீழே விடச் சொன்னேன். வாய் திறந்தபடி. கூவியது. வாயை மூடச் சொன்னேன். நின்றது. மறுபடி திற, மூடு. அவர் பொறுமையாகச் செய்தார். நான் மெதுவாகத் திரும்பி, கதிரைக்கு மேலே தொங்கிய என் அழகான மட்டையைப் பார்த்தேன்.

நீங்களும் செய்து பாருங்கள். சுண்டுவிரலைக் காதுக்குள் வைத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள். காதுத்துவாரம் விரிந்து சுருங்குவது விரலில் தெரியும். தாடை இறங்கினால் காதின் உருவமே மாறுகிறது. நான் எடுத்தது வாய் மூடிய மனிதனின் காது. மைக்குக்கு முன்னால் நிற்பது வாய் திறந்த மனிதன். அந்த இரண்டு காதுகளுக்கும் இடையிலான மயிரிழை இடுக்கில்தான் அவ்வளவு விசிலும் இருந்தது. கைகள் செய்ததெல்லாம், கசிந்ததை மெசினுக்கே திருப்பி அனுப்பியதுதான்.

புவனா பக்கத்துத் தையல் கடையில் வெறும் நூல்கட்டை ஒன்று வாங்கி வந்தாள். அதைக் கழுவித் துணி சுற்றிப் பற்களுக்கிடையில் கொடுத்தோம். காக்கா வாயைப் பிளந்தபடி கதிரையில் இருக்க, பசையை விட்டேன்.

"நாப்பது வருசத்தில இப்பத்தான் இவர் வாயத் திறந்துகொண்டு கதைக்காம இருக்கிறார்" என்றார் ஆசியா உம்மா. காக்காவின் வயிறு குலுங்கியது. "சிரிக்க விடாதேங்கோ உம்மா, அச்சு பிழையாப் போகும்!" என்று கத்தினேன்.

புது அச்சைப் பூட்டியபின் வாய் திறந்தார், கூவவில்லை. கை உயர்த்தினார், மெல்லிய கீச்சு ஒன்று கேட்டது. உள்ளங்கையால் மூடாமல், விரல் நுனியை மட்டும் காதுக்கு முன்னால் வைத்தால் போதுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அது நான் கேட்கக்கூடிய கேள்வியா என்று தெரியவில்லை. அவர் விரல் நுனியைக் காதோரம் வைத்துப் பார்த்தார். "கை தூக்கிறதுதானே முக்கியம். போதும்" என்றார்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை அடிக்கோடிட்டு ஏமாந்தவன் அல்லவா? நோன்பின் முதல் நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் வழியாகப் போனேன். ஐப்பசி மழை. புதுக்குடியிருப்பு தாண்டுமுன்பே முழுதும் நனைந்துவிட்டேன். பள்ளிக்கு எதிரே ஒரு வேம்பின் கீழ் நின்றேன். உள்ளே ஆட்கள் கஞ்சிக் கோப்பைகளுக்கு முன்னால் காத்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. நான் அந்தக் கடைப் பிள்ளைக்கு முன்னால் இருந்தது போலவே பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குரல் எழுந்தது. நீண்டது. உச்சியில் நின்று இறங்கியது. மறுபடி எழுந்தது. அதன் பக்கத்தில் வேறொரு சத்தமும் இல்லை. ஒரு சத்தம் கேட்காததற்காக மனிதன் இவ்வளவு மகிழ முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. வன்னியில் அதுவரை கேட்காமல் இருக்க வேண்டிய சத்தங்கள் எல்லாம் வேறு வகையானவை. வெளியே வந்த காக்கா என்னைக் கண்டு, மெசினைத் தொட்டுக் காட்டி, "இண்டைக்கு இவர் மௌனம்" என்றார். கஞ்சி சூடாக இருந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். நாட்குறிப்பில் 'மழை. கஞ்சி' என்று மட்டும் எழுதினேன், அடிக்கோடு இல்லை.

2006இல் மறுபடி சண்டை தொடங்கியபோது அந்தக் குடும்பங்கள் புத்தளத்துக்குப் போய்விட்டன. காக்கா அங்கே ஒரு பள்ளியில் கடைசிவரை பாங்கு சொன்னார் என்று பிறகு ஆசியா உம்மா தொலைபேசியில் சொன்னார். நிலையத்தின் கூரை 2009இன் தொடக்கத்தில் போனது. நிலையத்துக்குள் நாங்கள் எடுத்த காதச்சுகள் அத்தனையும், ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய பெட்டிகளில் இருந்தன. என் மற்ற நாட்குறிப்புகள் எந்தத் தெருவோரத்தில் கிடக்கின்றனவோ. 2003 மட்டும் தங்கை வீட்டில் கிடந்து தப்பியது. புவனா இப்போது கனடாவில். தகரம் போட்ட அந்தப் பள்ளி இருந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது, வேம்பு இல்லை. இப்படி எழுதிக்கொண்டே போனால் பட்டியல் முடியாது. ஆனால் பாதை திறந்ததிலிருந்து அந்த ஏழு வருடங்களில் தொலைந்தவற்றுள், நாங்களாக விரும்பி, வாயைப் பிளந்து வைத்துத் தேடித் தொலைத்தது அந்த ஒரு கூவலை மட்டும்தான்.