ஒத்துப்போகாத மூன்று நகல்கள்

என்னை நம்பித் தந்த ஒரு பெண்ணின் லேப்டாப்பை, அவரிடம் கேட்காமல் நான் கெடுத்தேன். கெடுத்ததை மறைக்கப் பொய் சொன்னேன். முதலாவதை மன்னித்திருப்பார் என்றே நினைக்கிறேன். இரண்டாவதற்கு நான் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை.

கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் இடையில், சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையோரம் என் வீடு. கல்லூரியில் இயற்பியல் எடுத்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுவது பயாஸ் என்ற சிறிய நிரல். எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பில் அது இருக்கும். அது உள்ளே என்ன செய்கிறது என்று கம்பெனிக்காரனுக்கு மட்டுமே தெரியும். அதை அழித்துவிட்டு, யாரும் படித்துப் பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருளை அங்கே எழுதிக்கொள்ள முடியும். என்னுடைய மூன்று பழைய லேப்டாப்களில் அப்படிச் செய்திருந்தேன். நம் வாசலில் நமக்குத் தெரியாத காவல்காரன் எதற்கு என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்பேன். சாப்பிடுகிறவர்கள் தலையாட்டுவார்கள்.

இந்த வேலைக்கு ஒரு முதல் விதி உண்டு. சிப்பின் கால்களில் கிளிப்பைக் கவ்வவிட்டு, பழைய நிரலை இரண்டு முறை நகல் எடுக்க வேண்டும். இரண்டும் அப்படியே ஒத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்திவிட்டு, பிறகுதான் புதியதை எழுத வேண்டும். ஒத்திருக்காவிட்டால் கிளிப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பெண் எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்தவர். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியபோது ஆபீஸ் லேப்டாப்பை விலைக்கு வாங்கி வந்தார். பிறகு இறந்துபோனார். அவர்கள் வீடு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் கிடப்பது பக்கத்து வீட்டுக்காரரின் நிலம். ஆட்டோ போகிற அகலத்துக்கு வழி விடுகிறேன் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா ஒரு காலத்தில் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவு செய்யவில்லை. சாட்சிகள் இருவரும் இப்போது இல்லை. தாளைக் கரையான் தின்றுவிட்டது. அதற்கு முன் கணவர் எடுத்து வைத்த போட்டோ அந்த லேப்டாப்பில் மட்டும் இருந்தது. அவர் மகனான பக்கத்து வீட்டுக்காரரோ வழியை அடைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் லேப்டாப்பைக் கொண்டுவந்தார்.

“சாறே, இதுக்க ஃபேன் கெடந்து அலறுது. கொஞ்சம் பாத்துத் தாருங்க. அந்தப் பேப்பரு இதுலயாக்கும் உண்டு. அடுத்த ஆழ்ச்ச வக்கீலுக்கு பிரிண்டு எடுத்துக் குடுக்கணும்.”

“நாளைக்கு வா மக்கா,” என்றேன்.

ஃபேனைத் துடைக்கக் கால்மணி நேரம்தான் ஆயிற்று. மூடியை மாட்டியிருக்கலாம். ஆனால் அது என் மென்பொருள் ஓடக்கூடிய மாடல். சிப் கண்ணெதிரே இருந்தது. செய்து கொடுத்தால் ஒருநாள் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். சிப்பைத்தானே தொடுகிறேன், டிஸ்க்கை இல்லையே என்று அந்தப் போட்டோவை ஒரு பென்டிரைவில்கூட எடுத்து வைக்கவில்லை.

முதல் நகல் எடுத்தேன். இரண்டாவது எடுத்தேன். இரண்டும் வேறு என்று திரையில் ஒரு வரி வந்தது. மூன்றாவது எடுத்தேன், அது முந்தைய இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று நினைவில்லை. எப்படியும் அழிக்கப்போகிற குப்பைக்கு நல்ல நகல் எதற்கு என்று என் மனம் சொன்னது. கிளிப்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு புதியதை எழுதினேன். சரியாக எழுதிவிட்டதாகச் செய்தி வந்தது. அப்படி அழுத்திப் பிடித்தபோதாவது இன்னொரு முறை பழையதை நகல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

லேப்டாப்பை ஆன் செய்தேன். நீலத்திரை வந்து நாற்பத்தெட்டு இலக்கச் சாவி கேட்டது. அப்போதுதான் புரிந்தது: அந்த ஆபீஸ்காரர்கள் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள். பூட்டின் சாவி மதர்போர்டில் வேறொரு சிப்பில் இருந்தது. பழைய பயாஸைக் கண்டால்தான் அது சாவியைக் கொடுக்கும். நான் பயாஸை அழித்துவிட்டிருந்தேன். ஆபீஸ் எப்போதோ மூடிப்போயிருந்தது.

மறுநாள் அவர் வந்தார்.

“டிஸ்க் போச்சு மக்கா.”

“ஞாயிறாழ்ச்ச வர ஓடிச்சே சாறே?”

“டிஸ்க் அப்படியாக்கும். சொல்லிட்டுப் போவாது.”

“அப்போ பேப்பரு?”

“அதுவும் போச்சு.”

அவர் அழவில்லை. “உங்களுக்கே முடியல்லண்ணா வேற யாருக்கு முடியும்,” என்றார். லேப்டாப்பையும் வைத்துவிட்டுப் போனார். “ஸ்பேர் பார்ட்ஸுக்காவது ஆவட்டு.”

வக்கீல் தாள் இல்லாமலே வழக்குப் போட்டார். தடை உத்தரவு கிடைக்கவில்லை. அந்த மாதமே பக்கத்து வீட்டுக்காரர் வழியை மறித்துக் கல்சுவர் கட்டத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் இரண்டு வரிசை ஏறுவதை என் மாடியிலிருந்து பார்த்தேன். கீழே போய், இப்படிச் செய்யலாமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கவும் கேட்டேன்.

“பேப்பரு உண்டுண்ணா காட்டச் சொல்லுங்க சாறே. நானே சுவர இடிச்சு மாத்துதேன். இல்லாத பேப்பருக்கு நான் எங்க போவேன்?” என்று சிரித்தார்.

அவர் நிஜமாகவே கேட்டார் என்று வைத்துக்கொண்டாலும், பதில் என் மேசை டிராயரில், அந்த லேப்டாப்புக்குள் இருந்தது. திறக்க ஒரு வழி இருக்கலாம் என்று முதல் வாரமே எனக்குத் தோன்றியிருந்தது. அதே மாடலில் வேறொரு லேப்டாப் வாங்கி, அதே பதிப்பு பயாஸை எடுத்து இதில் எழுதினால், சாவி வைத்திருக்கும் சிப் ஏமாந்து திறந்துவிடலாம். ஆனால் திறந்தால் டிஸ்க் போனது பொய் என்றாகிவிடும். டிராயரைப் பூட்டினேன்.

வழி அடைபட்ட பிறகு அந்தப் பெண் சானல் கரை வழியாக நடந்தார். மழையில் ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பார்க்கப் போனேன். “டிஸ்க் போனதுக்கு நிங்க என்ன செய்வியோ,” என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

யாரோடாவது பிணக்கு இருந்தால் அதைத் தீர்க்காமல், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போவதில்லை என்பது எங்கள் சபை வழக்கம். எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே இருக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், கட்டுப்போட்ட கையோடு அவர் என்னை நிறுத்தினார்.

“சாறே, மூணு மாசமா பாக்குதேன். எழும்பாம இருக்கியளே, யாருட்டயாக்கும் பெணக்கம்?”

“உன்கிட்டத்தான் மக்கா. டிஸ்க் போவல்ல. நானாக்கும் கெடுத்தது.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சுவரு கெட்டும்போ மாடியில நிண்ணு பாத்தியளே. அப்பமும் தெரியுமா?”

“தெரியும்.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் என் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார்: “வருத்தப்பட்டுட்டு இருக்காண்டாம். தொறக்க வழி உண்டா? அதச் சொல்லுங்க.”

திருவனந்தபுரத்தில் பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் அதே மாடலைத் தேடிப் பிடித்தேன். என் மூன்று கெட்ட நகல்களில் ஒன்றில் பதிப்பு எண் மட்டும் சிதையாமல் இருந்தது. வாங்கி வந்ததில் அதே பதிப்பை ஏற்றி, நகல் எடுத்து, இரண்டும் ஒத்துப்போவதைப் பார்த்து, அவருடையதில் எழுதினேன். பல முறை நீலத்திரைதான் வந்தது. ஒரு மத்தியானம் வரவில்லை. அவர் கணவரின் படம் பின்னணியாக இருந்த திரை வந்தது. தாளின் போட்டோவும் இருந்தது.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்தோம். எப்படிக் கிடைத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் மலையாளத்தில் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இந்த மிஷினுக்குள்ளே உங்களுக்கு வேண்டியதை எழுத உங்களால் முடியும், இல்லையா?”

“சிப்பில் முடியும். போட்டோ டிஸ்க்கில் இருப்பது.”

“டிஸ்க் கெட்டுவிட்டது என்று இவரிடம் சொன்னது யார்?”

“நான்தான்.”

“அது பொய்யா?”

“பொய்தான்.”

“பல மாதம் இது யார் கையில் இருந்தது?”

“என் கையில்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி லேப்டாப்பைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். முடிவு இன்னும் வரவில்லை. வாய்தா மாறிக்கொண்டே இருக்கிறது. படியிறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்தார். “சாறே, நிங்க வந்தது எனக்கு உபகாரமாப் போச்சு.”

சானல் கரையில், அந்தப் பெண் வழுக்கிய இடம் நெடுக, அனுமதி வாங்கி இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டுக் கொடுத்தேன். இந்த வாரம் சானலில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். கரை விளிம்பு வரை கலங்கி ஓடுகிறது. காலையும் மாலையும் அவர் அந்த வழியே போகிறார். குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சரியாகச் சேராத அந்தக் கையை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல் நடக்கிறார். நான் மாடியில் நின்று, அவர் மறுபக்கம் ஏறும்வரை பார்க்கிறேன்.