வராதவருக்கு விதித்த வரி

தலைவரி வந்தபோது நாங்கள் லண்டனில், கிங்ஸ்பரியில் இருந்தோம். வீட்டுக்கு என்று இல்லாமல், வீட்டில் இருக்கும் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரி. அதை விளக்கும் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி உள்ளூர்க் கவுன்சிலில் என்னிடம் கேட்டிருந்தார்கள். சமையலறை மேசையில் இருந்து, "ஒவ்வொருவரிடமும் வரி அறவிடப்படும்" என்று எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தேநீர் போட வந்த மேல்மாடி அண்ணை எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, இங்கே பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். பிழையைக் கண்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

"தங்கச்சி, அறவிடுறது பிறகு. முதல்ல விதிக்க வேணும். ஆர் ஆர் இருக்கினம் எண்டு பேர் பதிஞ்சு, இன்னாருக்கு இவ்வளவு எண்டு தீர்மானிக்கிறதுதான் விதிக்கிறது. காசைக் கையில வாங்கிறதுதான் அறவிடுறது."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது. "விதிக்கப்படும்" என்று மாற்றினேன்.

வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பதியும் படிவம், எங்கள் பேச்சில் போம், வந்தபோது அண்ணை தன்னுடையதைத் தானே நிரப்பி அனுப்பினார். சில மாதங்களில் வரிக் கடிதங்கள் வந்தன. எனக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று, அண்ணைக்கு ஒன்று. நாலாவது அண்ணையின் மனைவிக்கு. அவரோ யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தார்.

"அண்ணை, போமில அக்கான்ரை பேரையும் எழுதினனீங்களோ?"

"ஓம். ஊரில அரிசி, சீனிக் கூப்பன் போம் எண்டாலும் குடும்பத்தில எல்லாற்றை பேரையும் எழுதுறதுதானே."

எனக்குப் பாடம் எடுத்தவர் செய்த வேலையைப் பாருங்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடித உறையில் இருந்த பெயரை வாசித்துக்கொண்டு நின்றார். லண்டனில் அவர் மனைவியின் பெயர் அச்சில் வந்த முதல் கடதாசி அது. மேலே கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அப்படியே விட ஏலாது. மனைவி ஏற்கெனவே இங்கே இருக்கிறார் என்று பதிந்து கிடந்தால் விசாவுக்கே வினையாகிவிடும். பெயரை வெட்டச் சொல்லி எழுதுவோம் என்று இரண்டு கிழமை நச்சரித்தேன். கடைசியில் உறையைக் கொண்டுவந்து தந்தார்.

"இஞ்சை இல்லை எண்டு மட்டும் எழுதாதையுங்கோ, தங்கச்சி. இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ."

அந்தக் கணத்தில் அந்த மனிதர் மீது எனக்கு வந்த பாசம் இன்றுவரை குறையவில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன். வரியை நீக்கிப் பதில் வந்தது.

அடுத்த வருடம் விசா கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து வந்து, அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். அண்ணை மேலே ஓடிப்போய், முன்பே நிரப்பி வைத்திருந்த ஒரு போமுடன் இறங்கி வந்தார். கச்சேரிக் கையெழுத்தில் ஒரே ஒரு பெயர்.

"கவுன்சிலுக்கு அனுப்பிவிடுங்கோ, தங்கச்சி. இப்ப விதிக்கட்டும்."