தங்கமணி அக்காவின் சாதுவான ரத்தம்

கிள்ளானில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் தங்கமணி அக்கா. ஃபிரிட்ஜைச் சாத்தினால் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்துவார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தும் அழுத்துவார்.

ஒவ்வொரு கல்வித் தவணையிலும் ஒரு சோதனை உண்டு. தொண்டைப்புண் கிருமியின் நஞ்சு சிவப்பணுக்களை உடைத்துவிடும். சோதனைக்குழாய் சிராப் தண்ணீர்போல் சிவந்துவிடும். அண்மையில் அந்தக் கிருமியோடு போராடியவரின் ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் சீரத்தை முதலில் ஊற்றினால், அதிலுள்ள எதிர்ப்பொருள் நஞ்சைப் பற்றிக்கொண்டு அணுவைத் தொடவிடாது. அணுக்கள் முழுசாக அடியில் பொட்டுப்போல் படியும். ஒப்பிட, போராடாத ஒருவரின் சீரமும் வேண்டும். அதற்குக் கை நீட்டுவது அக்காதான்.

"என் ரத்தம் சாது லா. யாரோடயும் சண்டைக்குப் போகாது."

நஞ்சு வேலை செய்கிறதா என்று பார்க்க, சீரமில்லாமல் நஞ்சு மட்டும் ஊற்றிய குழாய் ஒன்றும் வைக்க வேண்டும் என்பது முறை. அக்காவின் குழாய்தான் சிவக்குமே என்று, நஞ்சை மிச்சம்பிடிக்க அதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

இந்தத் தவணை அக்காவின் குழாய்கள் எல்லாவற்றிலும் பொட்டு.

நஞ்சு கெட்டுவிட்டது என்றார் விரிவுரையாளர் பரமேஸ்வரன். புட்டியை யாரோ வெளியில் வைத்திருக்க வேண்டும், ரிப்போர்ட் எழுதத்தான் வேண்டும் என்றார். யாரோ என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அக்காவின் முகத்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தோம்.

அக்கா அந்தப் புட்டியையே கையில் எடுத்தார். புதுக் குழாயில் சிவப்பணுவும் அந்த நஞ்சும் மட்டும் விட்டு, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வைத்தார். முக்கால் மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். பிறகு குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். சுத்தமான சிவப்பு.

"நஞ்சு நல்லாத்தான் இருக்கு, சார்."

பரமேஸ்வரன் அந்தக் குழாயையும் பொட்டு விழுந்த குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உங்களுக்குத் தொண்டை வலி வந்துச்சா?"

"போன மாசம். சூடா மைலோ குடிச்சேன், போயிருச்சு."

அப்படி விட்ட தொண்டைப்புண் சிலருக்கு இதயத்தில் போய் நிற்கும் என்று சொல்லி, அவரே காரை எடுத்தார். குழாய்களைக் கழுவி முடித்த பிறகுதான் அக்கா ஏறினார். இதயத்தில் குறையில்லை என்றார் டாக்டர்.

ரிப்போர்ட் எழுதப்படவில்லை. அடுத்த தவணை, விட்டுப்போன குழாய் திரும்ப வந்தது. ஒப்பிடுவதற்குப் பரமேஸ்வரன் சட்டைக் கையை மடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா ஊசியை எடுத்தார். "உங்களுது சாதுதானே, சார்? மைலோ ஏதும் குடிக்கலையே?"