கடவுளை நேரில் காண்பதற்கான நடைமுறை

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு 540 கிலோமீற்றர். 2006ஆம் ஆண்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை 9.30க்குப் புறப்பட்ட எங்கள் பேருந்து, கிங்ஸ்ரனில் இருபது நிமிடம் தரிக்கும் என்று அறிவித்துவிட்டு முப்பத்தைந்து நிமிடம் நின்றது. சாரதியிடம் இதைச் சுட்டிக்காட்டினேன். அவர் கோப்பியை ஊதிக் குடித்தபடி, "நீங்கள் ஓய்வுபெற்றவரா?" என்று கேட்டார். நான் என் இருக்கைக்குத் திரும்பினேன்.

ஊர் பார்க்கப் போகவில்லை. புதன்கிழமை திரேசம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"ஐயா, வாற செவ்வாய் இவருக்கு இருதய ஒப்பரேசன். ஃபாதர் நன்மை குடுக்க வீட்டை வந்தவர். இவர் வேண்டாம் எண்டிட்டார். பதினைஞ்சு வருசமாய் எடுக்கேல்லையாம். எனக்கு இப்பதான் தெரியும். ஏன் எண்டு கேட்டால், ஐயாவோடை கதைக்கவேணும் எண்டுறார்."

'நன்மை' என்பது நற்கருணை. 'இவர்' என்பது அவருடைய கணவர் அருளப்பு. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்ட அரச அலுவலகத்தில் நான் பிரதம இலிகிதராக இருந்த காலத்தில் அரசாங்க அதிபரின் அறை வாசலில் பியோனாக இருந்தவர். அதிபரைப் பார்க்க வருபவர்கள் முதலில் அவரைப் பார்க்கவேண்டும், பிறகு என்னை. அதிபரைப் பெரும்பாலும் இன்னொரு நாள். 1991இல் அகதியாக மொன்றியலுக்கு வந்து, துறைமுகப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டிகள் ஏற்றி இறக்கியே முதுகை முடித்துக்கொண்டவர். தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலிலும் அவருக்கு வாசல்தான். பாட்டுத் தாள்களைக் கொடுப்பார், பிந்தி வருவோரைப் பின்வரிசை வாங்கில் இருத்துவார், நற்கருணை வேளையில் வரிசையை ஒழுங்குபடுத்துவார். வரிசையை நடத்துகிறவர் அதில் நிற்கவில்லை என்பதைப் பதினைந்து வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை.

மாலை 4.20க்கு இறங்கினேன். அருளப்பு மடிப்புக் குலையாத சட்டையோடு நின்றார். என் பையைப் பறித்தார், நான் விடவில்லை. இருதய நோயாளி ஒருவரும் எழுபத்துநான்கு வயதுக்காரன் ஒருவனும் ஒரு பைக்காக இழுபறிப்படுவதைப் பார்த்த மாணவி ஒருத்தி, பிரெஞ்சில் ஏதோ சொல்லிப் பையை வாங்கி மெற்றோ வாசல்வரை தூக்கிவந்தாள். அருளப்பு "மெர்சி" என்று தலையாட்டினார்.

"இஞ்சை சனம் நல்லம் ஐயா. இங்கிலீசிலை தொடங்கினால்தான் கொஞ்சம் முகம் சுளிக்கும்."

சீட்டு இரண்டரை டொலர். செம்மஞ்சள் தடத்தில் ஸ்னோடன் வரை, அங்கிருந்து நீலத் தடத்தில் ஒரே ஒரு தரிப்பு: கோட்-டெ-நெய்ஜ். மூன்றாம் மாடி வீட்டில் திரேசம்மா மீன்குழம்பு வைத்திருந்தார். உப்பில்லை. நோயாளிக்கு வைத்தியர் இட்ட உத்தரவு விருந்தாளிக்கும் பொருந்துமாம்.

"நான் இவ்வளவு காலமும் என்ன நினைச்சன் தெரியுமே ஐயா? சனமெல்லாம் போனாப்பிறகு கடைசியாய்ப் போய் எடுக்கிறார் எண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு செபிக்கிறனான், காணேல்லை."

"நீ செபிச்சதாலைதான் நான் தப்பினனான்" என்றார் அருளப்பு.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு, மலைமேலிருக்கும் சூசையப்பர் தேவாலயத்துக்கு நடந்தோம். கால்மணி நேரத் தூரத்துக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் படிக்கட்டின் நடுவில் தொண்ணூற்றொன்பது மரப்படிகள் உண்டு. அவற்றில் முழங்காலால் மட்டுமே ஏறலாம். இரு மருங்கிலும் என்னைப் போன்றவர்களுக்குச் சீமெந்துப் படிகள். ஒரு பெண் ஒவ்வொரு படியிலும் நின்று செபம் சொல்லி ஏறிக்கொண்டிருந்தார். நாங்கள் கீழே ஒரு வாங்கில் இருந்தோம்.

"ஐயா, செத்தாப்பிறகு நாங்கள் கடவுளை நேரை காணுவமோ? இல்லாட்டி அங்கையும் யாரிட்டையும் சொல்லி அனுப்பவேணுமோ?"

இரண்டு வருடம் குருமடத்தில் படித்தவன் நான். விதிகளைச் சொன்னேன். பழைய ஏற்பாட்டில், முகம் காட்டும்படி கடவுளை மலையில் கேட்டவருக்கு முதுகுதான் காட்டப்பட்டது. அது பழைய சுற்றறிக்கை. பின்னர் வந்தது வேறு: இப்போது மங்கலாக, அப்போது முகத்துக்கு முகம். திருச்சபையும் அதைத் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது. நடுவில் எவரும் இல்லாமல், நேரடியாகக் காண்போம். கோப்பு முடியாதவர்களுக்கு, மிச்சப் பாவக் கறை கழுவ, உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. அது நிராகரிப்பு அல்ல, தாமதம் மட்டுமே.

"மனம் சுத்தமான ஆக்கள்தானே காணுவினம்" என்றார். பிறகு, "தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனதை நான் காணேல்லை ஐயா."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. 1990இல் நடந்த சுற்றிவளைப்பொன்றில் அவருடைய தம்பி மரியதாசைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அருளப்பு மொன்றியலுக்கு வந்ததும் தன் அகதி வாக்குமூலத்தை எழுதி, திருத்தித் தரும்படி எனக்குத் தபாலில் அனுப்பினார். 'வாழைகளுக்குள் கிடந்தேன், கொண்டுபோன சத்தம் கேட்டது' என்று எழுதியிருந்தார். காதால் கேட்டது சாட்சியம் ஆகாது என்பது என் அனுபவம். அதை வெட்டி, 'என் கண்ணால் கண்டேன்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நல்ல திருத்தம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

"அகதி விசாரணையிலை இருந்த அதிகாரி மனிசி கேட்டவ, தம்பி என்ன நிறச் சட்டை போட்டிருந்தவன் எண்டு. நீலம் எண்டன். வேதப்புத்தகத்திலை கை வைச்சிட்டுச் சொன்னது. இப்ப அவனை நினைச்சால் நீலச் சட்டையோடைதான் வாறான். உண்மையாய் என்ன போட்டிருந்தவனோ."

"அருளப்பு, அந்தச் சொல் என்னுடையது. அந்தப் பாவமும் என்னுடையது. அதை நான் ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுறன். நீர் உம்முடைய பங்கைச் சொல்லும், பிறகு நன்மை எடுக்கலாம். அவ்வளவுதான் நடைமுறை."

அவர் தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல.

"பொய் சின்ன விசயம் ஐயா. அவன் 'அண்ணை, அண்ணை' எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவன். நான் முகத்தை மண்ணுக்குள்ளை வைச்சுக்கொண்டு கிடந்தன். தலையைத் தூக்கியிருந்தால் கண்டிருப்பன். கடவுளைக் காண எனக்குப் பயமில்லை. அவருக்குப் பக்கத்திலை தம்பி நிப்பான்."

படிகளில் அந்தப் பெண் பாதிக்கு மேல் ஏறிவிட்டார். முப்பத்தாறு வருட அரசாங்க சேவையில் இதற்கான படிவம் எதையும் நான் கண்டதில்லை. ஆனாலும் ஒரு கேள்வி வந்தது.

"அவன் கூப்பிட்டது, வந்து காப்பாற்று எண்டோ? ஓடித் தப்பு எண்டோ?"

"தெரியாது."

"அப்ப பதினாறு வருசமாய் உமக்கு எதிராய் நீர் சொல்லுற சாட்சியும் கண்டதில்லை. கேட்டதுதான். அதையும் பாதி கேட்டது. காணாததைக் கண்டதெண்டு சொல்லுறதை இதோடை விடும்."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, உதடு சிரிக்கப் பார்த்தது.

"ஐயா இன்னும் மாறேல்லை."

"நீர் மாத்திரம்? நேற்று என்ரை பையைப் பறிச்சனீர்."

மாலை 4.30. திரேசம்மாவோடு தமிழ்ப் பூசை நடக்கும் கோயிலுக்குப் போனோம்; பாவசங்கீர்த்தன நேரம். நான்தான் முதலில் போனேன். குருவானவர் மன்னாரைச் சேர்ந்தவர், என் மகனைவிட இளையவர். நடந்ததைச் சொன்னேன். நோக்கம் நல்லது என்று சேர்க்கத் தொடங்கினேன்.

"விளக்கம் வேண்டாம் ஐயா. பாவத்தை மட்டும் சொன்னால் காணும்."

என் கோப்பு மூன்று நிமிடத்தில் முடிந்தது. அருளப்பு உள்ளே போய் இருபத்தாறு நிமிடம் இருந்தார். வெளியே வந்தவர் திரேசம்மாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, எனக்குச் சொன்னதையெல்லாம் அவருடைய காதுக்குள் சொன்னார். திரேசம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை அப்பவே சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சுமந்திருப்பன்தானே" என்றார்.

ஞாயிறு காலை 11 மணிப் பூசை. அருளப்பு வழமைபோல நடுவழியில் நின்று வாங்கு வாங்காக ஆட்களை எழுப்பிவிட்டார். சிறுபிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் குசுகுசுத்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் திரும்பிவந்து இருந்தாயிற்று. குருவானவர் நற்கருணைப் பாத்திரத்தை மூடப் போனவர், மூடாமல் நின்றார். அருளப்பு, கையைக் குவித்தபடி, வெறுமையான நடுவழியில் தனியாக நடந்துபோனார். திரேசம்மா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

மூன்று மணிக்குப் பேருந்து நிலையம்; அருளப்பு வழியனுப்ப வந்திருந்தார். ரொறன்ரோவில் என்னைச் சுற்றித் தமிழர் அதிகம், கோயில்கள் அதிகம். ஆனால் அங்கே நானும் நண்பர்களும் பேசுவது ஓய்வூதியம், வீட்டு விலை, இரத்த அழுத்தம். கடவுளை ஒருநாள் நேரில் காணப்போகிறோம் என்பதை, முகவரி தெரிந்த ஓர் இடத்துக்குப் போவதுபோல நினைத்துக் கவலைப்பட்ட ஒருவரை இந்த ஊரில்தான் கண்டேன். எனக்கு வேதப்புத்தகத்தின் அதிகாரங்களும் வசனங்களும் தெரியும். அந்தக் கவலை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"செவ்வாய்க்குப் பயமாய் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஒப்பரேசனுக்கோ? அது டொக்டர் பயப்பிடவேண்டிய விசயம்."

"மற்றதுக்கு?"

"போனால், முதல்லை தம்பியோடைதான் கதைப்பன் ஐயா. கனக்கக் கதை கிடக்கு. கடவுள் அதுவரைக்கும் நிப்பார்தானே?"

போதனையின்படி வரிசை அப்படியல்ல. கடவுளைக் காண்பவர் மற்றெல்லாவற்றையும் அவரிலேயே காண்பார். முதலாவது இரண்டாவது என்று அங்கே ஒன்றும் இல்லை. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அருளப்பு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பார்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.