சிவப்பு தெரியாத பிலிம்

செகந்திராபாத் மெட்டுகுடாவில் இருக்கிற தனசிங்கை ஃபாக்டரியில் எல்லோரும் "பெட்டிக்காரர்" என்றுதான் சொல்வார்கள். பெட்டி என்றால் கேமரா. கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற சின்னது இல்லை. மூன்று கால் ஸ்டாண்டில் தூக்கி வைத்து, தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு எடுக்கிற பெரிய கேமரா. ஒரு படத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தனி பிலிம். பின்பக்கத்துக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். மனுஷன் தலை கீழே, கால் மேலே. தனசிங்குக்கு அது பழகிப்போய், தலைகீழாக நிற்கிற எழுத்தைக்கூட நேராக இருக்கிற மாதிரியே கடகடவென்று படித்துவிடுவார்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. செகந்திராபாத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிலிம் கழுவுகிற தட்டுகளைத் தேய்க்கிற வேலையில் சேர்ந்து, அங்கேயே தொழிலைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்தொன்பதில் மத்திய சர்க்கார் ஃபாக்டரியில் போட்டோ செக்‌ஷனுக்கு ஆள் எடுத்தபோது வேலை கிடைத்தது. புது மெஷின் வந்தால் படம், உடைந்த இரும்பு வந்தால் படம், டெல்லியிலிருந்து பெரியவர்கள் மாலையோடு வந்தால் படம். கட்டிக்கொண்டது பியூலாவை. மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தம்பி தேவராஜுக்கும் அதே ஃபாக்டரியில் தனசிங்தான் அலைந்து திரிந்து வேலை வாங்கிக் கொடுத்தார்.

ஸ்டோரில் இரண்டு விதக் கறுப்பு வெள்ளை பிலிம் இருக்கும். ஒன்று பான். எல்லா நிறமும் அதற்குத் தெரியும். ஆனால் கழுவும்போது துளி வெளிச்சம் ஆகாது. கும்மிருட்டில், பிலிம் ஓரத்தில் வெட்டியிருக்கிற சின்னப் பள்ளத்தை விரலால் தடவித்தான் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே கழுவ வேண்டும். இன்னொன்று ஆர்த்தோ. ட்ராயிங் நகல் எடுக்க வாங்கி வைத்தது. அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு எதுவானாலும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். அதனாலேயே சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு கழுவலாம். உருவம் மெல்ல மெல்ல எழும்பி வருகிறதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அறுபத்தெட்டில் ஒருமுறை பான் பிலிம் இரண்டு இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாசமாய்ப் போனது. திரும்ப எடுக்க முடியாத படம். மெமோ கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பயம் தனசிங்கை விடவில்லை. முக்கியமான வேலை என்றால் கை தானாக ஆர்த்தோ டப்பாவுக்குத்தான் போகும். கண்ணுக்கு முன்னால் வந்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

எழுபத்தொன்று ஜனவரியில் அந்த விபத்து நடந்தது.

வார்னிஷ் பூசிய கம்பிச் சுருள்களைக் காயவைக்க ஆள் உயரத்தில் ஒரு ஓவன். வாரத்துக்கு ஒருதரம் யாராவது உள்ளே போய்த் தரையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணவேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவன் வெளியே இருக்கிற சுவிட்ச் பெட்டியின் கறுப்புத் தகட்டில் தன் டோக்கன் நம்பரைச் சிவப்பு மெழுகுக் குச்சியால் எழுதிவிட்டுத்தான் போவான். வெளியே வந்ததும் துணியால் துடைத்துவிடுவான். தகட்டில் நம்பர் இருந்தால் எவனும் சுவிட்சைத் தொடமாட்டான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்; ஆனால் எல்லோரும் உயிரைப்போலக் காப்பாற்றின சட்டம்.

அன்றைக்கு உள்ளே போனவன் நடேசன். கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை ஒன்று. ஷிப்ட் மாறுகிற நேரம். சுவிட்ச் பெட்டிக்கு மேலே இருந்த பல்பு ஃபியூஸ் ஆகிக் கிடந்தது. அடுத்த ஷிப்ட்டுக்கு வந்த தேவராஜ் ஓவன் கதவைத் தள்ளிச் சாத்தினான். தினமும் போடுகிற கை, இருட்டிலேயே தடவிச் சுவிட்சைப் போட்டது. நடேசனை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

தனசிங்கைக் கூப்பிட்டார்கள். கரண்டை நிறுத்திவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். போட்டோ செக்‌ஷன் ஆபீசர் சக்ரபாணி, "ஓவன், கதவு, சுவிட்ச் பெட்டி, மூணையும் எடுத்துடுய்யா. கெடுத்துடாதே. இன்னிக்கே இதையெல்லாம் கழட்டறாங்க" என்று சொல்லிவிட்டு டெலிபோனுக்கு ஓடினார். தனசிங் பக்கத்து ஷெட்டிலிருந்து வயர் இழுத்து இரண்டு விளக்கைப் பொருத்தினார். துணிக்குள் தலையை விட்டார். சுவிட்ச் பெட்டியின் தகடு தலைகீழாகத் தெரிந்தது. அதில் சிவப்பில் 1609. நடேசனுடைய நம்பர்.

'பாவி, எழுதிட்டுத்தானே போயிருக்கான்' என்று நினைத்துக்கொண்டார். கெடுத்துவிடக்கூடாது, கெடுத்துவிடக்கூடாது என்றே மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பயத்திலேயே அவர் பிலிம் ஹோல்டரில் போட்டுக்கொண்டு வந்திருந்தது ஆர்த்தோ.

மறுநாள் காலையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோது கதவின் ஆணிகூடத் தெளிவாக இருந்தது. தகடு மட்டும் மைபோல வெறும் கறுப்பு. நம்பர் இல்லை. கறுப்பின்மேல் சிவப்பு, கறுப்பாகவே போய்விட்டது. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சக்ரபாணி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"பிரமாதம்யா! நம்பரே எழுதலியா அவன்? அப்ப அவன் மேலதான் தப்பு. உம்ம மச்சினன் பொழச்சான் போம்."

"சார், அது வந்து..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த 'ஒண்ணுமில்ல' பத்தொன்பது நாள் நீண்டது. வீட்டுக்கு வந்தால் தேவராஜ் மூலையில் உட்கார்ந்திருப்பான். சாப்பிடமாட்டான். "அத்தான், சத்தியமா நான் நம்பரைப் பாக்கல. இருந்திருந்தா போட்டிருப்பனா?" என்று ஒரே பாட்டு. பியூலா அவன் தலையைத் தடவி, "அழாதடா. படத்துலயே இல்லயே. படம் பொய் சொல்லுமா?" என்பாள். தனசிங் கையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

இருபதாம் நாள் நடேசன் பெண்டாட்டி ரமணி போட்டோ செக்‌ஷனுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. பாஸ் கார்டுக்கு எடுத்த நடேசன் படத்தைப் பெரிசாக்கித் தரவேண்டும், மாலை போட வீட்டில் வேறு படம் இல்லை என்றாள். தனசிங் நெகட்டிவைத் தேடி எடுக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை சும்மா இருக்குமா? ஐந்து மாசம், பார்த்ததையெல்லாம் பிடித்து இழுக்கிற வயசு. தனசிங்கின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, பல்லில்லாத வாயில் வைத்துச் சப்பி, அவரைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது. உலகத்தில் எந்தக் கஷ்டமும் நடக்காத மாதிரி ஒரு சிரிப்பு.

"உடுங்கண்ணா, எச்சிப் பண்ணிடுவான்" என்றாள் ரமணி. பிறகு, "கம்பெனில எனக்கு வேலை கிடையாதாம்ணா. அவரு தப்பாலதான் செத்தாருன்னு எழுதப் போறாங்களாம்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான். நம்பர் எழுதலியாம். அவரா எழுதமாட்டாரு? வீட்டுக்கு வந்தா கட்டவிரல் பூரா செவப்பா இருக்கும். அந்தக் கையோடயே புள்ள கன்னத்தக் கிள்ளுவாரு. மெழுகு ஒட்டிக்கிச்சுன்னு நான் தெனம் திட்டுவேன். எழுதாம எப்படிண்ணா?"

தனசிங்கால் விரலை இழுத்துக்கொள்ள முடியவில்லை. குழந்தையின் பிடி அப்படி இருந்தது.

அவள் போனதும் ஒரு தகரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவைத்தார். ஸ்டோரிலிருந்து சிவப்பு மெழுகுக் குச்சி வாங்கி 1609 என்று எழுதினார். அதே விளக்கு, அதே தூரம். ஒரு படம் ஆர்த்தோவில், ஒரு படம் பானில். இருட்டில் விரலால் பள்ளத்தைத் தடவித் தடவி, எண்ணி எண்ணிக் கழுவினார். மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட இருட்டு அது. ஒன்றும் கெடவில்லை. ஒரு படத்தில் நம்பர் பளிச்சென்று இருந்தது. இன்னொன்றில் வெறும் கறுப்பு.

சாயங்காலம் பியூலாவிடம் சொன்னார். அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அரிசி கையிலேயே நின்றுவிட்டது.

"நக்கோங்க, வேணாம். உங்க காலுல விழறேன், நக்கோ. அவன் சோத்துல மண்ணப் போடாதீங்க."

"நான் கண்ணால பாத்தேன் பியூலா."

"பாத்தவரு அன்னைக்கே சொல்றதுதானே? இப்ப கைக்கு, எதுக்கு? செத்தவன் திரும்பி வரப்போறானா?"

"அவனுக்கு ஒரு புள்ள இருக்கு."

"என் தம்பிக்கு ரெண்டு இருக்கு. அது உங்க கண்ணுக்குத் தெரியலியா? கர்த்தரே, என் வீட்டுக்குள்ளயே யூதாசா!"

அவள் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லையே.

மறுநாள் விசாரணைக் கமிட்டி முன்னால் இரண்டு படத்தையும் வைத்தார். மூன்று ஆபீசர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த பிலிம்ல நம்பர் தெரியாமப் போகலாம்னுதானே இது காட்டுது? அன்னிக்கு நம்பர் இருந்துதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் பாத்தேன் சார். கண்ணாடியில."

"படத்தோட குடுத்த ரிப்போர்ட்ல ஏன் எழுதல?"

"படத்துல வந்துடும்னு நெனச்சேன் சார்."

"வரலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மறுநாள் காலையில."

"அப்புறம் இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க?"

தனசிங் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "சுவிட்சைப் போட்ட தேவராஜ் எம் பொண்டாட்டி தம்பி சார்."

அதுவரை அவரை நம்பாதவர்கள் அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டார்கள். பெண்டாட்டி தம்பியை மாட்டிவிட எவனும் பொய் சொல்லிக்கொண்டு வரமாட்டான் அல்லவா?

தேவராஜுக்கு வேலை போயிற்று. தனசிங்குக்கு, தப்பான பிலிமைப் போட்டதற்கும் மறைத்ததற்கும் சேர்த்துத் தண்டனை. இரண்டு வருஷத்துக்கு இன்கிரிமென்ட் கிடையாது. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விஜயவாடா பக்கம் போவதற்கு முன்னால் தேவராஜ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அத்தான், எங்கிட்ட மொதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நானே போய் ஒத்துக்கிட்டிருப்பேனோ என்னமோ."

"பயமா இருந்துச்சு மாப்ள."

"ஹவ், ஆமா, உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்தான்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போய்விட்டான். பியூலா அதற்கப்புறம் வேளாவேளைக்குச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் அப்படியேதான் ஓடியது.

ரமணிக்கு ரெக்கார்ட் செக்‌ஷனில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரல் மாசம் ஒருநாள் ஃபாக்டரி பஸ்ஸில் ஏறினாள். தனசிங் பக்கத்து சீட்தான் காலி. உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அந்தப் பத்தொம்பது நாளும் உங்களுக்குத் தெரியும், இல்லண்ணா?"

"தெரியும்மா."

"அந்த நாளெல்லாம் எங்க மாமனார் புள்ளையத் தூக்கவே இல்ல. அஜாக்கிரதைக்காரன் பெத்ததுன்னு சொல்லிட்டாரு. புள்ள கையத் தூக்கித் தூக்கிக் காட்டும். அவரு சொவத்தப் பாத்துத் திரும்பிக்குவாரு."

பேரன் கையை நீட்டும்போது திரும்பிக்கொள்கிற தாத்தா! அந்தக் கிழவன் நெஞ்சை எதைக்கொண்டு கட்டிப்போட்டானோ.

"இப்பத் தூக்கறாராம்மா?"

"தூக்கறாரு. தோள்லயே வெச்சுக்கிட்டுத் திரியறாரு" என்றாள் ரமணி. "ஆனா எனக்கு மறக்கல."

மெட்டுகுடாவுக்கு இன்னும் நாலு ஸ்டாப் இருந்தது. தனசிங் எழுந்து, அவளைத் தாண்டி, அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். வெயிலில் வீடுவரை நடந்தே போனார்.